காலியான பின் சீட்

"ஸ்கூட்டர்ல ஏத்த மாட்டேன் யமுனா. பஸ்லயே வா."

ஏழு மாதக் கர்ப்பிணியிடம் இப்படிச் சொல்லிவிட்டு, கழுத்தில் புது ஸ்கார்ஃப் பறக்க, பின் சீட் காலியாக விஜயராணி கிளம்பிப் போனாள். யமுனாவின் நாத்தனார். இருவருக்கும் ஒரே கல்லூரியில் வேலை. அவள் ஆபீஸில், யமுனா இயற்பியல் துறையில்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்தவளைப் பார்த்ததும், கூட வேலை பார்க்கும் பிரிட்டோ கொதித்தான்.

"இன்னிக்கும் பஸ்ஸா? ரெண்டு மாசம் சென்னைல டிரெயினிங்னு உங்க நாத்தனார் வளைகாப்புக்கே வரல. இப்ப வீட்லயும் அவங்களுக்கு மாடில தனி ரூம், தனித் தட்டு. நாத்தனார்னா அப்படித்தான் மேடம்."

பிரிட்டோவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் நாத்தனார்களைக் கரைத்துக் குடித்தவன்.

"அதை விடு. பொட்டி என்ன சொல்லுது?"

பொட்டி என்பது இவர்கள் செய்த காமாக் கதிர் கருவி. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது சில நொடிகள் பாய்ந்து வரும் கதிரை விண்வெளியில் இருந்து அளக்க வேண்டும். தேர்வானால் அதற்காகச் செயற்கைக்கோளில் ஏறும். தேர்வுக் குழு நாளைக்கு வருகிறது.

"காலைல மறுபடி அளவு எகிறிடுச்சு மேடம். இந்த வாரம் பூரா காலைலயும் சாயங்காலமும் இதே கதை. வெடிப்பு மாதிரியே ஏறி இறங்குது. நிஜ வெடிப்புன்னா காத்தைத் தாண்டித் தரைக்கு வராதே! பொட்டிதான் பழுது. வாபஸ் வாங்கிடலாம்."

"மூணு வருஷ உழைப்பு பிரிட்டோ. காரணம் தெரியாம வாங்க மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் இருப்பது உதைத்தது. எழுந்திருக்கவில்லை. பதிவான கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் விடை கிடைத்தது.

"இது அயோடின்! தைராய்டு கேன்சருக்கு ஆஸ்பத்திரில குடுப்பாங்களே, அந்த மருந்து. சாப்பிட்டவங்க உடம்புல இருந்து கொஞ்ச நாளைக்குக் காமாக் கதிர் வரும். பொட்டி நல்லாத்தான் இருக்கு. யாரோ பக்கத்துல வந்து போறாங்க."

"அவங்க கர்ப்பிணிங்க பக்கமே போகக் கூடாதே மேடம்?"

அப்போதுதான் திரையில் கோடு எகிறியது. யமுனா ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே, ஜன்னலை ஒட்டிய வண்டி ஸ்டாண்டிலிருந்து விஜயராணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி!" யமுனா வெளியே ஓடினாள்.

"ஓடாத! அங்கயே நில்லு!" விஜயராணி ஸ்கூட்டரோடு பின்னால் நகர்ந்தாள். ஸ்கார்ஃப் நழுவியது. கழுத்தில் ஆபரேஷன் தழும்பு.

யமுனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "டிரெயினிங்குன்னு சொல்லிட்டு இதுக்கா போனீங்க? ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பொட்டியைத் தூக்கிப் போட்டுட்டு எனக்குத் துணைக்கு வந்து உக்காந்திருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு? கண்ணைத் தொடச்சிட்டு உள்ள போ. நாளைக்குக் கமிட்டி வருதுல்ல?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வாரம் பஸ்லயே வா. அப்புறம் உன்னையும் வயித்துல இருக்கற என் மருமகப் புள்ளையையும் நானே ஏத்திக்கிட்டு வரேன்."