தாழ்ப்பாள்

கதவு வேலை செய்யும் தச்சர், மகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு வீடியோ கேம் வாங்கி வந்து டிவியில் மாட்டினார். அதன் கேமரா கூடத்தை ஒருமுறை அளந்துவிட்டுத் திரையில் கோடுகளால் வரைந்து காட்டியது. சோபா, மேசை, பீரோ எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தன. சோபாவுக்குப் பின்னால், வெறும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கதவு இருந்தது.

“என்னைக் கேக்காமலே நம்ம வீட்டுக்குக் கதவு போட்டுட்டான் பாரு” என்று மனைவியிடம் சிரித்தார். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். கீல் ஒழுங்காக இருந்தது. தாழ்ப்பாள் இந்தப் பக்கம், போட்டபடி இருந்தது.

மறுநாள் அவர் வந்தபோது மகள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. திரையில் அந்தக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

“யாரும்மா திறந்தது?”

“நான்தாம்ப்பா. அந்தப் பக்கத்துலேர்ந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. கேம்தானேன்னு திறந்துவிட்டேன்.”

“திறந்தா சாத்தணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

அவருக்கு மனசு கேட்கவில்லை. தப்பாக வரைந்ததை அழிக்க ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினார். கதவு போய்விட்டது. அப்பாடா என்று மகள் பக்கத்தில் சாய்ந்தார்.

கேமரா கூடத்தை மறுபடி அளந்தது. சோபாவில் அப்பாவும் மகளும் கோடுகளாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முதுகைக் காட்டியபடி இன்னொருவர் நின்றிருந்தார். இருட்டில் தாழ்ப்பாள் தேடுகிறவரைப் போல, உள்ளங்கையால் வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.