வளைவுக்கு அப்பால்

பர்வீன் தன் முதல் கேமிங் கம்ப்யூட்டருக்காகக் கடைக்குப் போனவள், கம்ப்யூட்டர் பாகங்களை உள்ளே வைக்கும், வண்ண விளக்குகள் மின்னிய கண்ணாடி கேபினட்டைப் பார்த்ததும் மயங்கி, முதலில் அதைத்தான் வாங்கினாள். மிச்சப் பணத்தில் மற்றவற்றோடு கம்ப்யூட்டரின் மூளையான ஒரு குட்டி பிராசஸரும் வந்து கேபினட்டுக்குள் குடியேறியது.

திரையில் கார் பந்தய விளையாட்டு ஓடத் தொடங்கியது. முதல் வளைவுக்கு வந்ததும் கார் அப்படியே உறைந்து நின்றது. பிராசஸர் மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. உடம்பு கொதித்ததுதான் மிச்சம். பர்வீன் முகம் வாடிப்போனது.

"அண்ணே, அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?" என்று கேபினட்டைக் கேட்டது பிராசஸர்.

"படத்தை வேகமா வரையற கிராபிக்ஸ் கார்டு இருந்தாத்தான் அதைப் பார்க்க முடியும் தம்பி."

"அது எப்ப வரும்?"

"வராது. அதுக்கான பணத்தை நான் தின்னுட்டேன்."

"அப்போ தெரிஞ்சுக்கவே முடியாதா?"

கேபினட் தன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டது. பர்வீன் தட்டிப் பார்த்தாள், எரியவில்லை.

"என்னண்ணே பண்றீங்க? உங்களைக் கடைக்குத் திருப்பி அனுப்பிட்டா நாங்க எங்கே இருப்போம்?"

"மேசை மேலயே இருங்கப்பா. பார்க்க அழகா இருக்காது, அவ்வளவுதான்."

மறுநாள் பர்வீன் கேபினட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாள். மேசைமேல் திறந்தபடி கிடந்த பாகங்களை இணைத்து பட்டனை அழுத்தினாள். கார் சீறிக்கொண்டு வளைவில் திரும்பியது.

"அண்ணே, கடல்!" என்று கத்திவிட்டது பிராசஸர்.

கேட்கத்தான் அங்கே கேபினட் இல்லை.