பட்டி காக்கும் நாய்

“வேலைக்கு உதவுமா, உதவாதா? அத மட்டும் சொல்லுங்க டொக்டர்,” என்றார் மஹ்ரூப். வந்து இறங்கியதிலிருந்து இந்த ஒரே கேள்விதான்.

மிருக வைத்தியர் சுஜாந்தி, மேசையில் படுத்திருந்த நாயின் பின்னங்காலைப் பிடித்து, முழங்காலை முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக அசைத்துப் பார்த்தாள். நகரக் கூடாத எலும்பு நகர்ந்தது. நாய் வலியில் முனகியதே தவிர, கடிக்க வரவில்லை.

மஹ்ரூபின் மனைவி றைஸா அறைக்குள் வரவேயில்லை. நாயின் எச்சில் தெறித்துவிடும் என்பதுபோல அபாயாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கனமூலையிலிருந்து இந்த நாயோடு ஒரே முச்சக்கர வண்டியில் எப்படித்தான் வந்தாளோ என்று சுஜாந்திக்கு ஆச்சரியமாக இருந்தது.

“எப்பிடி அடிபட்டது நானா?” என்று மஹ்ரூபை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“பொழுது படக்குள்ள களப்புத் தண்ணிக் கரைப் பக்கம் போகோணும் எண்டு வேலி பாஞ்சிச்சி. இறங்கினதோட கால ஊண்டல்ல.”

“ஆட்டைத் திருப்பிக்கொண்டு வரவா?”

“ஓம். அதுக்குத்தான் போறது.”

சுஜாந்தி நாயின் விலாவைத் தடவிப் பார்த்தாள். “பாரம் கூடிப் போயிருக்கே. நாள் முழுக்க ஆட்டுக்குப் பின்னால ஓடுற நாய் இப்பிடிக் கொழுக்காது. பாரம் கூடினா முழங்கால் சவ்வு லேசில அறுந்திடும் நானா.”

“வீட்டுல சோறு கூடப் போடுறது,” என்று மஹ்ரூப் வாசல் பக்கம் பார்த்தார். றைஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நல்லாப் பழக்கியிருக்கீங்க. இவ்வளவு நோவுலயும் சொல்லுக் கேக்குது.”

“நான் எங்க பழக்கின? மகன்தான். அஸ்ஹான்.”

“அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. பிடிக்க உதவியா இருந்திருக்கும்.”

மஹ்ரூப் நாயின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். “வேலைக்கு உதவுமா டொக்டர்?” என்றார் மறுபடியும்.

சுஜாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில்லாச் சீவன் வலியில் துடிக்கிறது, இந்த மனிதருக்கு வேலைதான் பெரிதாய்ப் போயிற்று. பூசி மெழுகாமல் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“சவ்வு முழுசா அறுந்திட்டு. கண்டிக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்தா நல்லா நடக்கும். வயசு குறைஞ்ச நாயெண்டா வேலைக்கும் திரும்பியிருக்கும். இதுக்கு வயசு போயிட்டு, மற்றக் காலும் பழுதாகத் தொடங்கியிருக்கு. ஆட்டை மறிச்சுத் திருப்புற வேலை இனி இதால ஏலாது.”

மஹ்ரூப் பக்கத்திலிருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப வீட்டுல வெச்சிக்கேலாதே,” என்றார். “எங்கட மார்க்கத்துல ஆசைக்கு நாய் வளக்கிறல்ல டொக்டர். ஆடு மாடு பாக்க, காவலுக்கு எண்டா மட்டும்தான். மகன் இதக் குட்டியாத் தூக்கிட்டு வந்த அண்டைக்கே சொன்னன். வேலை செஞ்சா இருக்கட்டும், இல்லாட்டி சந்தியில கொண்டுபோய் உட்டுருவன் எண்டு.”

“சந்தியில ஒண்டும் விட வேணாம். இங்க விட்டுட்டுப் போங்க. உடப்புல எங்கட மாமா வீட்டுல வளப்பாங்க.” சுஜாந்தி கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

மஹ்ரூப் கயிற்றை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஏலா.”

“வெச்சிருக்கவும் ஏலாது, தரவும் ஏலாது எண்டா என்ன நானா செய்யிறது?”

அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. பாவம், மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்க வேண்டியதை மிருக வைத்தியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஓட வேணாம் டொக்டர். பட்டி வாசல்ல படுத்துக்கொண்டு குலைச்சாப் போதும். அதும் காவல்தானே? அதும் வேலைதானே?”

சுஜாந்தியின் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனிதருக்கும் நாய் மீது ஏதோ ஒட்டுதல் இருக்கிறது என்று பட்டது. “ஓம் நானா,” என்றாள். “குலைக்க முழங்கால் என்னத்துக்கு? இருக்கிற காலம் முழுக்கப் படுத்துக்கொண்டே காவல் காக்கும்.”

“காக்குமா?”

“நல்லாக் காக்கும். நான் சொல்றன்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் மஹ்ரூப். நாயின் தலைவரை கையைக் கொண்டுபோனவர், தொடாமலே எடுத்துக்கொண்டார். நாய் மட்டும் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

சுஜாந்தி நோவுக்கான மாத்திரைகளை உறையில் போட்டு நீட்டினாள். கண்டிக்குப் போக வேண்டிய விவரத்தையும் சொல்லிவிட்டு, அவர்கள் புறப்படும்போது பேச்சுக்காக ஒன்று கேட்டாள்.

“இப்ப பட்டியில எத்தின ஆடு நிக்கிது நானா?”

மஹ்ரூப் நிமிரவில்லை. வாசலில் நின்ற றைஸாதான் வாய் திறந்தாள்.

“ஆடெல்லாம் மகன அடக்கம் செஞ்ச கிழமையே வித்தாச்சி டொக்டர்.”