பிஸ்கட் கண்டுபிடித்த ஆள்

விழுந்து கிடந்த பைன் மரத்துக்கு அடியில், ஈரச் சருகுகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தார் டாலெஃப்சன். முழங்காலுக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. கோட்டுப் பையில் இருந்த பழைய டென்னிஸ் பந்து விலாவில் அழுத்திக்கொண்டே இருந்தது. நகர்ந்து படுக்கவும் இடமில்லை.

ஐந்து நாளாகத் தூக்கம் கிடையாது, ஒழுங்கான சாப்பாடு கிடையாது. நேற்று மழை, முந்தாநாள் பனி. மொன்டானாக் காட்டில் அக்டோபர் மாதக் குளிர் அறுபது வயதுக்காரர் என்று யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

மலையடிவாரத்தில், பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு நோட்டு. மலையேறப் போகிறவர்கள் தங்கள் குடும்பப் பெயர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று அதில் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். 'டாலெஃப்சன், ஒருவர், இரண்டு நாள், வடக்கு முகடு' என்று எழுதியிருந்தது.

தனியாகப் போகாதே என்றால் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. மூன்றாம் நாள் காலையிலும் கார் நிறுத்திய இடத்திலேயே பனி மூடி நிற்பதைப் பார்த்து, வனக்காவலர்கள் தேட ஆரம்பித்தார்கள். இன்று தேடலின் ஐந்தாம் நாள்.

அவருக்கு மகள் இங்காவின் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடினால் அவளால் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. சோபாவுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்துத் தானே காட்டிக்கொடுத்துவிடுவாள்.

அடக்கி வைத்திருந்த அழுகை அந்தச் சிரிப்பை நினைத்ததும் பொங்கி வந்தது. கோட்டுக் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. தேடும் நாயின் கழுத்து மணி.

"தேடு பிஸ்கட்! தேடுடா ராஜா!" என்றது ஒரு பெண் குரல். மணி கிட்டே வந்தது. நின்றது. பிறகு ஓடைப் பக்கமாக விலகிப் போனது.

இந்த நாய் மட்டும் தன்னைக் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போனால் எல்லாம் முடிந்தது என்று டாலெஃப்சனுக்குத் தெரியும். "வந்துடுடா… வந்துடு" என்று உதட்டுக்குள் முனகினார். ஆனால் சத்தம் போடவில்லை.

மணிச் சத்தம் சட்டென்று திரும்பியது. சருகுகள் சரசரக்க, ஈரமான மூக்கு ஒன்று அவர் கழுத்தில் பட்டது. அடுத்த நொடி, காடே அதிரும்படி ஒரு குரைப்பு!

நாய் அவர் மேல் ஏறி விழுந்து முகம் முழுக்க நக்கியது. அதன் பின்னாலேயே புதரை விலக்கிக்கொண்டு ஓடி வந்த ரோண்டா மண்டியிட்டு நாயைக் கட்டிக்கொண்டாள். பிஸ்கட்டைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியவள் அவள்தான்.

"கண்டுபிடிச்சிட்டான்! என் தங்கம் கண்டுபிடிச்சிட்டான்!"

ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட தொண்டர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கைதட்டலும் விசிலும் பறந்தன.

"இந்தப் பயலைப் போய் வயசாயிடுச்சு, வீட்டுக்கு அனுப்புன்னு சொன்னானுங்களே! இப்ப எங்க அவனுங்க?" என்று மீசைக்கார டேல் கத்திக்கொண்டே காய்ந்த மாட்டுக்கறித் துண்டை நீட்டினான். பிஸ்கட் அதை ஒரே கடியில் விழுங்கியது. டேலின் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. அதை எடுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

டாலெஃப்சன் பையிலிருந்த பந்தை எடுத்து வீசினார். நாய் குட்டிபோலத் துள்ளிக்கொண்டு அதன் பின்னால் ஓடியது.

ரோண்டா அவர் தோளில் கம்பளியைப் போர்த்தினாள். "எழுந்திருக்க முடியுதா சார்?"

"முடியுதும்மா."

"ரொம்ப நேரம் ஈரத்துலயே கிடந்துட்டீங்க. முதல்ல இந்த காபியக் குடிங்க."

அவர் குவளையை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. பந்தைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி வரும் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா ஒண்ணும் கிடைக்காம மனசு விட்டுப் போயிட்டான் சார்," ரோண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து கறி போட்டும் தொடல. காலைல வண்டிய விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டான். தேடுற நாய்ங்க எல்லாமே இப்படித்தான். ஒரு ஆளாவது உயிரோட கிடைச்சாத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும்."

"இப்ப தேடுவானா?"

"பாருங்களேன் அவன் வாலை! ராத்திரி வரைக்கும் தேடுவான்."

டாலெஃப்சன் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே நீலக் கம்பளித் தொப்பி ஒன்று இருந்தது. தன் வாசனை ஒட்டிவிடாதபடி அதைக் கையால் தொடாமல், உறையோடு அவளிடம் நீட்டினார்.

"நான் ஒளிஞ்சு கிடந்தது போதும்மா. இப்ப என் பொண்ணைத் தேடச் சொல்லு."