பிரஷர் கலண்டர்

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டில் சிவபாலன் போட்ட சத்தம் காலி வீதி வரை கேட்டிருக்கும்.

"முன்வீட்டு மொட்டைமாடியிலை போன் டவரை நட்டுப்போட்டு, ஒண்டும் செய்யாதெண்டு எனக்கே கதை சொல்லுறீரோ? கதிர்வீச்சிலை என்ரை மனுசி செத்துக்கொண்டிருக்கிறா!"

டவர் கொம்பனியிலிருந்து வந்த அதிகாரி விஷ்வா, தன் அளவுக் கருவியைக் காட்டினான். அனுமதித்த அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

"உம்மடை மெசின் பொய் சொல்லும். இது சொல்லாது!"

சிவபாலன் சுவர்க் கலண்டரைக் கழற்றி அவன் மடியில் எறிந்தார். டவர் வந்த நாளிலிருந்து மனைவி அன்னபாக்கியம் தன் பிரஷரைத் தினமும் அளந்து அதில் எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு. நூற்றெழுபது, நூற்றெண்பது என்று கட்டத்துக்குக் கட்டம் ஏறியிருந்தது.

விஷ்வா ஓரிடத்தில் விரலை வைத்தான். "அங்கிள், போன மாசம் அஞ்சு நாள் மட்டும் நூற்றிருபது இருக்கே?"

"அந்த நாளுகளிலை டவரை நிப்பாட்டியிருப்பியள், கள்ளக் கூட்டம்!"

"ஒரு நிமிசமும் நிப்பாட்டவே இல்லை அங்கிள்."

கதவோரம் நின்ற அன்னபாக்கியம் விஷ்வாவைப் பார்த்தாள்.

"டவர் எங்கையும் போகேல்லைத் தம்பி. அந்த அஞ்சு நாளும் இவர்தான் காணி அலுவலாய் யாழ்ப்பாணம் போயிருந்தவர்."