பத்து நிமிட வைத்தியம்

"கக்கூஸ் கழுவுத தண்ணிய எம் வாயில ஊத்துதியா?"

சிகிச்சை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் ரோச். நாலு தோணிகளுக்குச் சொந்தக்காரர். தான் ஒரு சத்தம் போட்டால் தூத்துக்குடி துறைமுகமே ஒரு நிமிஷம் நிற்கும் என்பது அவருடைய நினைப்பு.

"பிளீச்சிங் மாதிரி வாடை அடிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. பல் வேருக்குள்ள கிருமி பாசி மாதிரி அப்பிக் கெடக்கு. இந்த மருந்த விட்டு விட்டுக் கழுவுனாத்தான் போகும்" என்றாள் பல் டாக்டர் ஜெபசுதா. "பாசியச் சுரண்டாம தோணிக்குப் பெயிண்ட் அடிப்பீங்களா?"

"தோணியும் பல்லும் ஒண்ணா? அரை மணி நேரமாக் கழுவிட்டு, நாளைக்கும் வரச் சொல்லுத. நீயெல்லாம் படிச்சு வந்த லட்சணம்!"

பாசியைச் சரியாகச் சுரண்டவில்லை என்று போன வாரம்தான் ஓர் ஆளை வேலையை விட்டு விரட்டியிருந்தார் இந்த மகானுபாவர்.

"வலப்பக்கம் ஒரு கடவாய்ப்பல்லும் இல்ல. மெல்லுததுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா கஞ்சிதான் அண்ணாச்சி."

ரோச் காதில் வாங்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நேரே டாக்டர் செந்தூர்வேலிடம் போனார். ஊரிலேயே பெரிய கிளினிக். பத்தே நிமிடத்தில் வேரைக் குடைந்து, அடைத்து அனுப்பிவிடுவார் என்று பேர்.

செந்தூர்வேல் முகக்கவசத்தை மாட்டுவதற்கு முன் ஒரு கிராம்பை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். கேட்டதற்கெல்லாம் 'ம்' மட்டும்தான். பெரிய டாக்டர் என்றால் இப்படி அளந்து பேச வேண்டும் என்று ரோச்சுக்குப் புல்லரித்துப் போனது.

நாலாம் நாள் கன்னம் பன் மாதிரி வீங்கியது. அலறிக்கொண்டு ஓடினால், 'டாக்டர் இன்று விடுமுறை' என்று பெரிய கிளினிக் கதவில் அட்டை தொங்கியது. ஒத்தைப் பல்லும் போய்விடுமோ என்ற பயத்தில், துப்பிவிட்டு வந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார். வீறாப்பு மட்டும் குறையவில்லை.

"உள்ள இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வரவேற்பில் இருந்த முருகேஸ்வரியிடம் எரிந்து விழுந்தார்.

"முக்கா மணி நேரமா டாக்டரம்மா கழுவுதாங்க. முடியப் போவுது."

"அவ கழுவுதான்னா, எந்த இளிச்சவாயன் அதுக்கு வாயத் தொறந்துட்டுக் கெடக்கான்?"

கதவு திறந்தது. கைக்குட்டையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கிராம்பு வாடையோடு வெளியே வந்தார் டாக்டர் செந்தூர்வேல்.

ரோச்சின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். மரத்துப்போன வாய், கொஞ்சம் குழறியது.

"எம் பல்லுன்னா நான் இங்கனதான் வருவேன், அண்ணாச்சி."