வாய் திறந்த சட்டை

டீ டம்ளரை வைக்க இடம் தேடியபோது என் முழங்கை தவறான பொத்தானில் பட்டது. முதலாளி திருத்திக் கொடுத்த விவரத்துக்குப் பதிலாக, கனகமணி தண்ணீரைச் சோதித்து எழுதிய உண்மை விவரம் எல்லாச் சட்டைகளிலும் தைத்திருக்கும் பேசும் சில்லுகளுக்குப் போய்விட்டது. இப்போது எந்த நாட்டுக் கடையில் கையில் எடுத்தாலும் எங்கள் திருப்பூர்ச் சட்டை, "என் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஓடையில் விட்டார்கள்" என்கிறது. உலகத்துச் சட்டைகளுக்கெல்லாம் எல்லோருக்கும் புரிகிற ஒரே பாஷை வந்தபின் மழுப்ப வழியில்லை.

"ரெண்டு பேரும் விரல் வெச்சு மாத்துங்க," என்றார் முதலாளி. விவரத்தைக் கணினியில் ஏற்றிய நானும் தண்ணீரைச் சோதித்த கனகமணியும் சேர்ந்து கைரேகை வைத்தால்தான் மாறும். என் விரல் பெரிய வீரன். எனக்கு முன்பே நீண்டுவிட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வேலை போயிரும், கனகா," என்றேன்.

"போகட்டுங்க."

"தண்ணி நெசமாவே அவ்வளவு மோசமா?" எனக்கு ஏற்றத்தான் தெரியும், எண்கள் புரியாது. வருஷக்கணக்காகக் கேட்கிறேன். "குடிச்சுப் பாருங்க" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

இன்று சிரிக்கவில்லை. "ஆமாங்க. எங்க கெணறு அந்த ஓடையோரந்தான். எம் பொண்ணுக்குக் கையெல்லாம் புண்ணு."

நான் விரலை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதலாளி முறைத்தார்.

"ஏனுங்க, சட்டையே பேசிருச்சு, நான் பேசறதுக்கென்ன? வெரல் வெக்க மாட்டேன்," என்றேன் அவரிடம்.